ரத்தம் திரும்பிய கால்

அடைப்பை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் நான் நம்பினேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, பிளம்பர் வந்து கம்பியை விட்டுக் குத்தினார், தண்ணீர் கொட்டியது, பிளம்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். காலும் அப்படித்தானே? ரத்தம் நின்றால் கேடு, ரத்தம் வந்தால் நலம். இதற்கு மேல் இதில் என்ன சாஸ்திரம் இருந்துவிட முடியும்?

இந்த நம்பிக்கையின் பலத்தில் நான் இரண்டு கிலோ காராச்சேவு வாங்கிவரச் சொல்லி, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் மாடி முழுக்க விநியோகம் செய்தேன். நர்சுகளுக்குக் கொடுத்தேன். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குக் கொடுத்தேன். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு பெரியவருக்கும் நீட்டினேன். அவர் ஆவலோடு கையை நீட்டினார். நர்ஸ் பாய்ந்து வந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

கால் என்னுடையது அல்ல. என் மனைவியின் தம்பியுடையது.

எங்கள் பக்கம் வெடி செய்ய லைசென்ஸ் வேண்டும், வெடி விற்க லைசென்ஸ் வேண்டும், மச்சினனைக் கேலி செய்ய மட்டும் எதுவும் வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த உரிமையை நான் முழுசாக அனுபவித்து வந்தேன். அவனும் சளைத்தவன் இல்லை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அவன் போர்மேன். நான் சிவகாசியில் சின்னதாக ஒரு ஆப்செட் பிரஸ் வைத்து, பட்டாசுக் கட்டுகளின் மேல் ஒட்டுகிற லேபிள் அடித்துக்கொண்டிருந்தேன். "நான் செய்யுறது வெடி, நீங்க செய்யுறது அதுக்கு மேக்கப்பு" என்பான். "மேக்கப்பு இல்லாட்டி உன் வெடிய எவன்லே பொண்ணு பாக்க வருவான்" என்பேன். எனக்கு அவன் மாப்பிள்ளை, அவனுக்கு நான் மச்சான்; எங்கள் உறவு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருசங்களில் ஒன்று. தீபாவளி சீசன். லோடு மேல் லோடு போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை காலையிலிருந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டிகளைச் சரிபார்த்திருக்கிறான். எழுந்தபோது இடது கால் மரத்துப் போயிருந்தது.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் நடந்தது. மற்ற ஊரில் கால் மரத்துப் போனால் நாலு பேராவது என்ன ஏது என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் கால் மரத்துப் போகாவிட்டால்தான் ஆச்சரியம். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து திரி சொருகுகிறவர்கள், மாலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, கால் தன் வசத்துக்கு வந்த பிறகே பஸ்ஸுக்கு நடப்பார்கள். அதனால் மாப்பிள்ளையின் காலை யாரும் பொருட்படுத்தவில்லை. "உதறுங்க, சரியாயிரும்" என்றார்கள். உதறினான். "எண்ணெய் போட்டுத் தேயிங்க" என்றார்கள். தேய்த்தான். "சூடா ஒத்தடம் குடுத்தா ஓடிப்போகும்" என்று ஒருவர் சொன்னார். கம்பெனிக்குள் அடுப்பு ஆகாது. ஆகவே ஒத்தடத்துக்காக அவனைத் தோளில் தாங்கி ரோட்டோர டீக்கடை வரைக்கும் கூட்டிப்போனார்கள். பாதி வழியில் விழுந்துவிட்டான்.

எனக்குப் போன் வந்தது. "அண்ணாச்சி, உங்க மாப்பிள்ளை விழுந்துட்டாரு."

கம்பெனியிலிருந்து அகாலத்தில் போன் வந்தால் எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு, என்ன என்று கேட்பதற்கு முன்னால் மொட்டை மாடிக்கு ஓடுவோம். வானத்தில் எந்தத் திசையிலாவது புகை எழும்புகிறதா என்று பார்ப்போம். நானும் ஓடினேன். மேற்கே பார்த்தேன், தெற்கே பார்த்தேன், தாயில்பட்டி எந்தப் பக்கம் என்பது பதற்றத்தில் மறந்துபோனதால் நாலு திசையையும் பார்த்தேன். வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. இறங்கி வந்து மெஷின்மேனிடம், "ஒண்ணுமில்லப்பா, புகை இல்ல" என்று அறிவித்துவிட்டு டீ சொன்னேன். புகை இல்லை என்றால் தீ இல்லை, தீ இல்லை என்றால் ஆபத்தில்லை. ஆபத்துக்கு வேறு வாசலே கிடையாது என்பது எங்கள் வட்டாரத்து நினைப்பு.

டீ வருவதற்குள் அவனே கூப்பிட்டான்.

"மச்சான், காலு ஜில்லுன்னு இருக்கு."

"ஏலே, ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாலேயே உனக்குக் குளிர் வந்துருச்சா?"

"வெளையாடாதீக மச்சான். கிள்ளிப் பாத்தா தெரியல."

"உனக்கு எதுதான்லே தெரிஞ்சிருக்கு?"

அவன் சிரிக்கவில்லை. பதிலுக்கு ஒன்றும் சொல்லவும் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எங்கள் உறவில் ஒருவன் கேலிக்குப் பதில் கேலி சொல்லாமல் விட்டான் என்றால் அது சாதாரண விசயம் இல்லை.

சிவகாசி டாக்டர் அவன் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். மற்றப் பாதத்தில் வைத்துப் பார்த்தார். திரும்ப இதற்கு வந்தார். பிறகு நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" என்றார். மாப்பிள்ளையின் மனைவி தெரியாது என்றாள். அக்காவான என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. வந்ததாம், பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தானாம். அந்தக் காய்ச்சல் அப்போதே இருதயத்து வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கெட்ட வால்வுக்குப் பின்னால் தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகி, இன்று அது கிளம்பிக் காலுக்கு வந்து அடைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். "மதுரைக்குப் போங்க. ஏற்கெனவே நேரம் போயிருச்சு. வழியில டீக்குக்கூட நிறுத்தாதீங்க."

வாடகைக்கார் டிரைவர் பின் சீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். "எம்புட்டு பெர்சென்ட் அண்ணாச்சி?"

"தீக்காயம் இல்லப்பா."

"அப்ப எதுக்கு இம்புட்டு அவசரம்?" என்று அவர் நிஜமான குழப்பத்தோடு கேட்டார். வண்டி விருதுநகரைத் தாண்டியது. மாப்பிள்ளையின் பாதம் என் மடியில் இருந்தது. மீன்கடையில் ஐஸ் மேல் கிடப்பதைத் தொட்டது போல் இருந்தது. அதைச் சூடாக்க இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். என் கைதான் ஜில்லிட்டது.

மதுரையில் தொடை இடுக்கில் சின்னதாகக் கீறி, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, அதன் நுனியில் பலூனை ஊதவைத்து, கட்டியை இழுத்து வெளியே போட்டார்கள். டாக்டர் அதைக் கிண்ணத்தில் வைத்து எங்களிடம் காட்டினார். கறுத்த அட்டை மாதிரி, சுண்டுவிரல் அளவுக்குக்கூட இல்லை. இவ்வளவு பெரிய ஆளை இத்தனை சின்னது சாய்த்துவிட்டதே என்று எனக்கு அவன் மேல் கொஞ்சம் இளப்பம்கூட வந்தது.

கால் சூடாகியிருந்தது. வெளுத்துக் கிடந்த பாதத்தில் ரோஸ் நிறம் ஏறியிருந்தது. டாக்டர் என் விரலைப் பிடித்து அவன் பாதத்தின் மேல் ஓரிடத்தில் வைத்தார். துடித்தது. நான் அந்த இடத்திலேயே சிவகாசியின் பாதிப்பேருக்குப் போன் போட்டேன்.

"சந்தோசம்தான்," என்றார் டாக்டர். "ஆனா நாளைக்கு வரைக்கும் கவனமாப் பாக்கணும். ரொம்ப நேரம் ரத்தம் இல்லாம இருந்த காலு. ரத்தம் திரும்பி வர்றதுலயும் ஒரு ஆபத்து இருக்கு."

'ஆனா' என்ற சொல்லுக்கு முன்னால் வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி கடவுள் என் காதுகளைப் படைத்திருக்கிறார்.

பிள்ளைகளைப் பார்க்க ஊரிலேயே தங்கிவிட்ட என் மனைவி மறுநாள் முதல் பஸ்ஸில் காராச்சேவோடு வந்து இறங்கினாள். விநியோக விழா நடந்தது. நான் பொட்டலத்தோடு வார்டு வார்டாகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, அங்கன வந்து காலைப் பாருங்க."

கால் வாழைத்தண்டு போல் ஆகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் இழுத்துக் கட்டியது போல் பளபளத்தது. கெண்டைச்சதையைத் தொட்டால் மரக்கட்டை. மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தான். நேற்று உணர்ச்சியே இல்லாமல் கிடந்த காலில் இன்று போர்வை பட்டாலும் கத்தினான். கணுக்காலுக்கு மேலே கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பியிருந்தன.

கொப்புளத்தைக் கண்டதும் எங்கள் மூன்று பேருக்கும் ஞானம் பிறந்தது. மாப்பிள்ளையின் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். அவள்தான் முதலில் சொன்னாள்.

"அண்ணே, இது தீக்கொப்புளம்."

"அதேதான்," என்றாள் என் மனைவி. "சுடுதண்ணி பையக் கொண்டாந்து வச்சிருக்காக. தம்பிக்கு உணர்ச்சி இல்லைன்னதும் வெந்தது தெரியாமப் போச்சு."

நான் நர்சைக் கூப்பிட்டு விசாரணையை ஆரம்பித்தேன். சற்று முன்னால் என் காராச்சேவைத் தின்ற அதே நர்ஸ்.

"யாரும்மா காலுல சூடு வச்சது?"

"யாரும் வைக்கல சார்."

"எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நாங்க சிவகாசிக்காரவுக. தீக்காயத்துல நாங்க டிகிரி வாங்குனவுக."

"சார், சூடே வைக்கல. நான் டாக்டரக் கூப்புடப் போறேன்."

"கூப்புடு. எனக்கும் அவர்கிட்டதான் பேசணும்."

அவர் வருவதற்குள் நாங்கள் முதலுதவியை முடித்துவிட்டோம். கை கால் வெந்தால் உயரமாகத் தூக்கி வைக்க வேண்டும், வீக்கம் வடியும். இது எங்கள் வட்டாரத்தில் பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்களில் கெஞ்சிக் கூத்தாடித் தலையணைகள் வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் உச்சியில் மாப்பிள்ளையின் காலைக் குடியேற்றினேன். தேர்க்கலசம் மாதிரி இருந்தது. மாப்பிள்ளை என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். வலி குறைந்ததன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் தலையணைகளை உருவி எறிந்தார். காலை மட்டமாக வைத்தார். கெண்டையை அமுக்கினார், பெருவிரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் வயிற்று ஆபரேஷன் பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது தீக்காயம்தானே டாக்டர்?" என்றேன். என் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இல்லங்க. உள்ளேருந்து வந்தது." அவர் எங்களை வராந்தாவுக்குக் கூட்டிவந்தார். அவசரத்திலும் பொறுமையாகச் சொன்னார். "ரத்தக்குழாய்க்கு உள்பக்கமா ஒரு மெல்லிசான தோலு இருக்கு. வெங்காயத்தை உரிச்சா நடுவுல கண்ணாடி மாதிரி ஒண்ணு வரும்ல, அதைவிட மெல்லிசு. ரத்தத்தை உள்ளேயே வச்சிருக்கிறது அதுதான். நேத்து பூரா அது பட்டினி கிடந்தது. பட்டினி கிடந்த இடத்துக்குத் திடுதிப்புன்னு ரத்தம் பாயும்போது, அந்தத் தோலு காயப்பட்டுப் போகுது. ஓட்டை ஓட்டையாகி, தண்ணி வெளிய கசிஞ்சு சதைக்குள்ள நிக்குது. அதான் வீக்கம், அதான் கொப்புளம்."

"ரத்தம் வந்ததாலயா?" என்றாள் தங்கச்சி. "வரணும்னுதான டாக்டர் ஆபரேசன் பண்ணீக?"

"வராம விட்டா காலு நேத்தே செத்திருக்கும்மா. வந்தா இப்படியும் ஆகலாம். ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்க முடியும்."

கெண்டைச்சதையைச் சுற்றி விரியாத உறை ஒன்று இருக்கிறதாம். உள்ளே வீங்க வீங்க அழுத்தம் ஏறி, சதையையும் நரம்பையும் நெரிக்கிறதாம். இது மட்டும் எனக்கு உடனே விளங்கியது. நான் எத்தனையோ அணுகுண்டுக் கட்டுக்கு லேபிள் அடித்தவன். சணலை இறுக்கிச் சுற்றினால்தான் டமார் என்று வெடிக்கும். கட்டு தளர்ந்தால் புஸ் என்று போய்விடும். "சுத்துன சணலை அறுத்து விடப்போறீக," என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "ஆமா, கிட்டத்தட்ட அதேதான்" என்றார். காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்து வைப்பார்களாம். தையல் போட மாட்டார்களாம்.

நான் அவரைப் போகவிடவில்லை. "தலையணை வச்சேனே டாக்டர். அதனாலயா?"

"தலையணை வைக்கக் கூடாது. உசத்தி வச்சா உள்ள போற கொஞ்ச ரத்தமும் குறையும். ஆனா அதனால இது வரல. நீங்க வைக்கலன்னாலும் வீங்கித்தான் இருக்கும்."

அவர் ஆறுதலுக்காகச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. என் தப்பு என்றால் அதைத் திருத்தலாம், அழலாம், கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாம். இதில் செய்வதற்கு எனக்குத் தப்புகூட மிச்சமில்லை.

"அந்த உள்தோலைக் காப்பாத்த மருந்து இல்லையா?" என்று கேட்டேன்.

"எலிக்கு, முயலுக்கெல்லாம் குடுத்துப் பாத்துருக்காங்க. நல்லாவே கேட்டுருக்கு. மனுசனுக்கு இதுதான்னு உறுதியாச் சொல்ல ஒண்ணும் இன்னும் வரல."

நான் எலியாகப் பிறந்த ஒரு மச்சினனைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது ஆனைக்குட்டம் பக்கத்தில் எங்கள் அப்பாவுக்கு இருந்த வயல் ஞாபகம் வந்தது. கோடை முழுக்கக் காய்ந்து பிளந்து கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீரைத் திறக்கும்போது மடைப் பலகையை விரற்கடை விரற்கடையாகத்தான் தூக்குவார்கள். ஒரேயடியாகத் தூக்கினால் வெடிப்புக்குள் தண்ணீர் புகுந்து கரை சரிந்துவிடும். எனக்கு ரத்தம் கொதித்தது. படித்த டாக்டருக்கு இது தோன்றவில்லையா? அவர் வெளியே வந்ததும் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவர் சிரிப்பார் அல்லது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை.

"நல்ல யோசனைதாங்க. கொஞ்சம் விட்டு, கொஞ்சம் அடைச்சு, திரும்ப விட்டு, சில பேரு செஞ்சு பாத்துட்டுத்தான் இருக்காங்க. இருதயத்துல பண்ணிப் பாக்குறாங்க. காலுல பலன் இருக்கான்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

உலகத்தில் எனக்கு உதிக்கிற ஒரே ஒரு நல்ல யோசனையும் அதற்கு முன்பே யாருக்கோ உதித்து, அதுவும் நிச்சயமில்லாமல் நிற்கிறது.

"அப்ப நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"உக்காருங்க," என்றார்.

எனக்குக் கொடுக்கப்பட்ட மருத்துவங்களிலேயே கடினமானது அதுதான்.

பிறகு அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கட்டிலின் ஓரத்தில் தொங்கிய மூத்திரப் பையைக் காட்டினார். நசுங்கிச் செத்த சதையிலிருந்து வருகிற கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அதனால் டிரிப்ஸை ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூத்திரம் கறுப்பாக வந்தால் ஆபத்து. வெளுத்துக்கொண்டே வர வேண்டும். நர்ஸ் பார்ப்பார், இருந்தாலும் நீங்களும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்கு அப்படி ஒரு வேலை கிடைத்ததே போதுமென்று இருந்தது. இருபது வருசமாகப் பார்ட்டிகள் "சிவப்பு போன தடவ மாதிரி இல்லையே" என்று சண்டைக்கு வருகிற தொழிலில் இருப்பவன் நான். நிறத்தைப் பார்ப்பதில் இந்த ஆஸ்பத்திரியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தேன். கருப்பட்டிக் காப்பி நிறம்.

"தங்கச்சி, பிளாக் ஜாஸ்தி. மெஜந்தாவும் கொஞ்சம் ஏறிக் கெடக்கு. எல்லோ பேருக்குக்கூட இல்ல."

"நல்ல சேதியா அண்ணே, கெட்ட சேதியா?"

"புரூப்பு சரியில்லம்மா. இன்னும் ஒரு தடவ ஓட்டிப் பாப்போம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "மனுசன் உசுருக்குப் போராடுறான், இவுக மூத்திரத்துக்குப் புரூப் பாக்காக." ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, "இப்ப எப்படி இருக்கு, கொஞ்சம் தெளிஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

அந்த நாட்களில் எங்கள் முழு வாழ்க்கையும் அந்தப் பைக்குள் இருந்தது. காப்பி நிறம் டிகாக்ஷன் ஆனது. டிகாக்ஷன் டீ ஆனது. டீக்கடை மாஸ்டரிடம் டீ வாங்கக் கையை நீட்டிவிட்டு, கிளாஸைப் பார்த்ததும் வேண்டாம் என்று திரும்பிவந்தேன். ஒரு காலையில் பை வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. சிறுநீரகம் தப்பித்தது என்றார் டாக்டர். என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சேவு கீவுன்னு கெளம்புனீக, காலை ஒடிச்சுருவேன்" என்றாள். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

கால் மட்டும் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் கிடந்தது.

தினமும் டாக்டர் வந்து, கட்டைப் பிரிக்கும் முன்னால் ஒன்றையே சொல்வார். "பெருவிரலை மேல தூக்குங்க."

மாப்பிள்ளை முகத்தைச் சுருக்கி, கழுத்து நரம்பு புடைக்க முயற்சி செய்வான். வலது கால் விரல்கள் எல்லாம் எழும்பும். இடது கால் பெருவிரல் அப்படியே இருக்கும். ஒருநாள் தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். கட்டிலைச் சுற்றி நின்ற என் மனைவி, தங்கச்சி, நான், மூன்று பேரும் செருப்புக்குள் எங்கள் பெருவிரல்களைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் விரல்கள் எல்லாம் அருமையாக வேலை செய்தன.

"மச்சான்," என்றான் மாப்பிள்ளை அன்றைக்கு. "நீங்க லேபிள் ஒட்டுறீகள்ல. உள்ள வெடி இல்லாத கட்டுக்கு ஒட்டியிருக்கீகளா?"

"சீசன்ல எல்லாம் நடக்கும்லே."

"என் காலு அப்படித்தான் இருக்கு. மேல லேபிள் மட்டும் இருக்கு."

முறைப்படி நான் இதற்குப் பதிலடி கொடுத்திருக்க வேண்டும். நான் தலையணை உறையைச் சரிசெய்தேன்.

கட்டு மாற்றும்போது நான் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்க வேண்டாம். கறிக்கடையில் சதை எந்த நிறத்தில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இது அந்த நிறத்தில் இல்லை. டாக்டர் இடுக்கியால் லேசாகக் கிள்ளினார். உயிருள்ள சதை சுண்டுமாம். அது சுண்டவில்லை. இன்னொரு இடத்தில் கிள்ளினார். அங்கேயும் இல்லை. இரண்டு நாளில் காய்ச்சல் ஏறியது. கட்டிலிலிருந்து ஒரு வாடை வரத் தொடங்கியது. என் மனைவி போய் ஊதுபத்தி வாங்கிவந்தாள். ஆஸ்பத்திரிக்குள் கொளுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் எங்களை மறுபடி வராந்தாவுக்குக் கூப்பிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறும். அப்புறம் காலைப் பற்றிப் பேச ஆளே இருக்காது.

தங்கச்சி அதிர்ந்து போகவில்லை. வழக்காடினாள். "நாடி துடிக்குதுல்ல டாக்டர்? காலையிலகூட நான் தொட்டுப் பாத்தேன், துடிக்குது. ரத்தம் ஓடுதுன்னுதான அர்த்தம்? ரத்தம் ஓடுற காலை எதுக்கு எடுக்கணும்?"

நானும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டேன். "ஆமா டாக்டர். நீங்கதான அன்னைக்கு என் விரலப் புடிச்சு வச்சுக் காட்டுனீக."

"துடிக்குதும்மா," என்றார் அவர். "பெரிய குழாயில ஓடுது. அதுலேருந்து சதைக்குள்ள போற பொடிப் பொடிக் குழாய் எல்லாம், அந்த உள்தோலு வீங்கி அடைஞ்சு போச்சு. வாய்க்கால்ல தண்ணி ஓடுது. வயலுக்குப் போகல." கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குப் புரியட்டும் என்றுதான் சொன்னார். எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டிருப்பேன்.

தங்கச்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவுகட்ட யாரு சொல்றது?" என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். குடும்பத்தில் எந்தக் கசப்பான விசயத்தையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி விழுங்கவைப்பவன் நான்தான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருந்தது. எனக்கும் இருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். இருமினேன். டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தேன். "வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல" என்றேன். ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை என்னையே பார்த்தான். "எடுக்கப் போறாகளா மச்சான்?"

நான் தலையை ஆட்டினேன்.

"எதுவரைக்கும்?"

அவன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். அவன் என் கையை எடுத்துவிடவில்லை.

"அவகிட்டச் சொல்லிட்டீகளா?"

"தெரியும்."

"சரி," என்றான். "நீங்க ஏன் மச்சான் அழுகுறீக? போய் மூஞ்சியக் கழுவுங்க. பாக்கச் சகிக்கல."

மறுநாள் முற்பகலில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டான்.